கோயிலுக்குக் கோயில் நடக்க வழி உண்டா?

இந்த வாரக் கடிதப் பையைப் பிரித்தால் எல்லாம் கால் சம்பந்தப்பட்டதாகவே இருக்கிறது. முட்டிவலிக் கடிதம் இரண்டு, அவற்றை டாக்டர் பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன். மற்றதெல்லாம் நடப்பதைப் பற்றி. முதல் கடிதமே பக்கத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது, மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: டீச்சர், எனக்கு 61 வயது. ரப்பர் தோட்டத்தில் பிறந்து 22 வருடம் பால் எடுக்க மரம் வெட்டியவள். சின்ன மகள் இங்கிலாந்தில் கென்ட் என்ற இடத்தில் நர்ஸாக இருக்கிறாள், மே மாதம் என்னை அழைத்துப் போகிறாள். அரண்மனை, லண்டன் பாலம் எல்லாம் காட்டுவாள் என்று பார்த்தால், "அம்மா, ஒரு நாள் முழுக்க வயல்வெளியில் நடந்து மூன்று பழைய மாதா கோயில்களைப் பார்ப்போம்" என்கிறாள். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஆள் இல்லாத மாதா கோயிலில் நமக்கு என்ன இருக்கிறது? காடு மேடு நடந்து அலுத்துத்தானே டவுனுக்கு வந்தோம்? அதோடு, அடுத்தவன் நிலத்துக்குள் நடந்தால் நாயை அவிழ்த்துவிட மாட்டானா?
(ஒரு வாசகி, சுங்கை பாக்காப்)

பதில்: அம்மா, மகள் கூப்பிடும்போதே கிளம்பிவிடுங்கள். லண்டன் பாலம் எங்கேயும் ஓடிப்போகாது.

நானும் முனகிக்கொண்டே போனவள்தான். மகன் கேன்டர்பரியில் படித்துக்கொண்டிருந்த சமயம், ஒரு சனிக்கிழமை காலையில் என்னை ரயிலில் ஏற்றி, ஆஷ்ஃபர்டில் வண்டி மாற்றி, ஆப்பிள்டோர் என்ற குட்டி ஸ்டேஷனில் இறக்கினான். இறங்கிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. தட்டையான பச்சை, அளவு பிடித்து வெட்டின மாதிரி வாய்க்கால்கள், மிச்சமெல்லாம் வானம். நம் பேராக்கில் பாரிட் புந்தார் தாண்டி கிரியான் நெல் வயல்வெளிக்குள் போனால் எப்படியிருக்குமோ அப்படியே இருந்தது, நெல்லுக்குப் பதில் ஆடு, அவ்வளவுதான். இதைப் பார்க்கவாடா 14 மணி நேரம் பறந்து வந்தேன் என்று அவனைக் கேட்டே விட்டேன்.

அந்த இடத்துக்கு ரோம்னி மார்ஷ் என்று பெயர். கடலோரச் சதுப்பு. நூற்றுக்கணக்கான வருடங்களாகக் கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, தண்ணீரை வடித்து மேய்ச்சல் நிலமாக்கியிருக்கிறார்கள். அதற்குள் இடைக்காலத்தில் கட்டிய கோயில்கள் இன்றும் 14 நிற்கின்றன, அது போக இடிந்துபோனவை சில. சின்னஞ்சிறு ஊருக்குப் பெரிய கோயில், சில இடத்தில் ஊரே இல்லாமல் கோயில் மட்டும். ஊர் எங்கே போனது? 14ஆம் நூற்றாண்டின் கொள்ளைநோய் ஒரு காரணம். இன்னொரு காரணத்தைக் கேட்டால் உங்களுக்கு வியப்பாக இருக்கும், எனக்கும் இருந்தது. மலேரியா! ஆமாம், இங்கிலாந்தில்தான். 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் அந்தச் சதுப்பில் குளிர்காய்ச்சல் ஆட்களைக் கொண்டுபோயிருக்கிறது. ஆட்டுக்குச் சொந்தக்காரர்கள் மேட்டுநிலத்தில் காற்றோட்டமாக இருந்துகொண்டு, கூலிக்கு ஆள் வைத்துக் கீழே மந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்களாம். அந்தக் கூலி இடையர்கள் தங்குவதற்கு வயலுக்குள் ஒற்றை அறைக் குடிசை. நம் தோட்டத்தில் துரை பங்களா மேட்டில், தொழிலாளர் லயம் பள்ளத்தில் இருந்த மாதிரியேதான். இதை அவன் சொன்னதும்தான் எனக்கு அந்த ஊர் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய ஆரம்பித்தது. நம் மலேசியாவில் 1901க்குப் பிறகு கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் சதுப்பை வடித்து, வாய்க்கால் வெட்டி மலேரியாவைக் குறைத்தது பள்ளிக்கூடத்தில் நானே எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்த கதை. அதே காய்ச்சல் அந்த டாக்டரின் சொந்தத் தேசத்துச் சதுப்பிலும் ஆளைத் தின்றது என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

சரி, நாய் விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி அதுதான். அவிழ்த்துவிட மாட்டான். ஏனென்றால் அந்தப் பாதை அவனுடையது இல்லை. நிலம் அவனுடையது, பாதை ஊராருடையது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிப் பொதுவழி என்று பதிவான பாதைகள் சுமார் 2,25,000 கிலோமீட்டர் இருக்கின்றன. 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வந்து, ஒவ்வொரு வட்டாரத்திலும் இவற்றை வரைபடத்தில் குறித்துவைக்கச் சொன்னது. ஒரு பாதையில் பொதுமக்கள் 20 வருடம் தடையில்லாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், ஒளிவுமறைவில்லாமல் நடந்து வந்திருந்தால் அது பொதுவழிதான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்த வழியை விட விருப்பமில்லை என்று நிலக்காரர் அந்தக் காலத்திலேயே காட்டியிருந்தால் மட்டும்தான் தப்பிக்கலாம். பாதை நடு வயலில் போனாலும் உழுது முடித்தபின் மறுபடி நடக்கிற மாதிரி சரிசெய்து தர வேண்டியது விவசாயியின் பொறுப்பு. வேலி வருகிற இடத்தில் ஏறித் தாண்டுவதற்குப் பலகைப்படி வைத்திருப்பார்கள், அல்லது சின்னக் கதவு. மரக்கட்டையில் மஞ்சள் அம்பு ஆணியடித்திருக்கும். மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு, நீலம் என்றால் குதிரையும் சைக்கிளும்கூடப் போகலாம். அம்பு காட்டுகிற திசையில் யார் வீட்டுக் கொல்லைப்புறம் வந்தாலும் தயங்காமல் போகலாம், நான் முதலில் குனிந்துகொண்டே போனேன், மகன் சிரித்தான்.

இதைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்தில் மூன்று டிவிஷன். முதல் டிவிஷனில் மாரியம்மன், இரண்டாவதில் அந்தோணியார் கோயில் (கோயில் என்றா சொல்வது, தகரம் போட்ட ஓர் அறை), எல்லையில் மரத்தடியில் முனியாண்டி. மூன்றையும் சேர்த்தது பால்மரத்துக்கு நடுவே போன ஒரு செம்மண் பாதை. திருவிழாவுக்குக் கரகம் அந்த வழியில்தான் வரும், செவ்வாய்க்கிழமையானால் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி கொளுத்த எங்கள் பூசாரியின் வீட்டுக்காரியே அந்த வழியில்தான் போவார். என் பாட்டி காலத்திலிருந்து நடந்த பாதை. தோட்டம் கைமாறியது, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, அப்புறம் ஒருநாள் குறுக்கே சங்கிலி போட்டு ஒரு ஜாகாவை, அதாவது காவலாளியை, உட்கார வைத்தார்கள். தனியார் நிலம், உள்ளே வரக்கூடாது. அவ்வளவுதான். இருபது வருடக் கணக்கையெல்லாம் யாரும் கேட்கவில்லை, கேட்கலாம் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. நிலத்தை வாங்கினால்தான் நமக்கு நிற்க இடம் என்று ஆகிப்போன சமுதாயம் நாம். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நடந்தபோது ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, மறுவருடமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கிக் காட்டினாரே, அந்த வழியைத்தான் நாம் அறிவோம். நிலம் ஒருவருக்கு இருக்கட்டும், நடக்கிற வழி மட்டும் எல்லாருக்கும் என்று இன்னொரு கணக்கும் இருக்க முடியும் என்பதை நான் ஓர் ஆட்டு வயலில் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

இனி கோயில்கள். ஸ்டேஷனிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் நடந்தால் ஃபேர்ஃபீல்ட் வரும். படத்தில் பார்த்திருப்பீர்கள், மகள் கட்டாயம் அனுப்பியிருப்பாள். சுற்றிலும் ஆடு, சுற்றிலும் தண்ணீர், நடுவே தன்னந்தனியாக ஒரு செங்கல் கோயில். தெரு இல்லை, வீடு இல்லை, கொடிமரம் இல்லை. வெள்ளம் வந்தால் முன்பெல்லாம் படகிலோ குதிரையிலோதான் பூசைக்குப் போவார்களாம். வெளியே பார்க்கச் செங்கல், உள்ளே போனால் மொத்தமும் மரம். பழைய மரக்கோயிலுக்கு மேலே பிற்காலத்தில் செங்கல் சட்டை போட்டுவிட்டார்கள். உத்தரங்களை அண்ணாந்து பார்த்தால் படகைக் கவிழ்த்து அதற்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி. இருக்கைகள் வெள்ளையடித்துக் கறுப்புக் கோடு போட்ட பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு, குடும்பம் குடும்பமாக உள்ளே போய்ச் சாத்திக்கொள்ளலாம். பிரசங்க மேடை மூன்று அடுக்கு. 1170இல் கேன்டர்பரியில் கொலையான பேராயர் தாமஸ் பெக்கெட்டின் பெயரில் உள்ள கோயில் இது. அவருக்குப் பின்னால் வந்த ஒரு பேராயர் இந்த வழியாக வரும்போது வாய்க்காலில் விழுந்து, தாமஸே காப்பாற்று என்று கூப்பிட, ஒரு விவசாயி வந்து இழுத்துப் போட்டாராம், அந்த நன்றிக்குக் கட்டியதாம். கதைதான். ஆனால் அந்த வாய்க்காலைப் பார்த்தபிறகு விழுந்திருப்பார் என்றே தோன்றுகிறது.

நான் அங்கே ஒரு பெட்டிக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஆட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. ஆள் இல்லாத கோயிலில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். லயத்தை இடித்தபின் மாரியம்மன் மட்டும் செம்பனைக்கு நடுவில் இருந்தாளே, வருடத்துக்கு ஒருமுறை எங்கெங்கோ போனவர்கள் பஸ் பிடித்து வந்து பொங்கல் வைத்துவிட்டுப் போனோமே, அதைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு வேறு ஏதாவது தோன்றலாம், ஒன்றுமே தோன்றாமலும் போகலாம், அப்போது ஆட்டுக்குட்டியைப் பாருங்கள்.

அடுத்தது புரூக்லண்ட். இது ஊருக்குள்ளே இருக்கிறது. கோபுரம் கோயில் மேல் இல்லாமல் பக்கத்தில் தரையில் தனியாக நிற்கும், மூன்று கூம்புத் தொப்பிகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்தது போல, முழுக்க மரம். சதுப்பு மண் பாரம் தாங்காது என்று இறக்கி வைத்திருக்கலாம். ஊர்க்காரர்கள் சொல்கிற காரணம் வேறு, அந்தக் கோயிலில் ஒரு கன்னிப்பெண் கல்யாணம் செய்துகொள்ள வந்தாளாம், அப்படி ஒருத்தியைப் பார்த்த அதிர்ச்சியில் கோபுரம் கீழே குதித்துவிட்டதாம். மகளோடு போகும்போது இதை நீங்களே சொல்லிவிடுங்கள், அவள் சொல்லி நீங்கள் நெளிய வேண்டாம்.

ஆனால் புரூக்லண்டில் தவறவிடக் கூடாதது உள்ளே இருக்கிற ஞானஸ்நானத் தொட்டி. ஈயத்தில் வார்த்தது, எண்ணூறு வருடத்துக்கு மேல் பழசு. அதைச் சுற்றி என்ன இருக்கிறது தெரியுமா? ராசிச் சின்னங்கள்! மேலே ராசி, அதற்குக் கீழே அந்த மாதத்தில் விவசாயி என்ன வேலை செய்வான் என்று ஒரு சிற்பம். டிசம்பர் என்றால் பன்றி அடிக்கிறான். ஜாதகத்தை வைத்துக்கொண்டு மதச் சண்டை போடுகிற நம் ஆட்களை அந்தத் தொட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நான் என் ராசியைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன், அந்த மாதிரி சமயத்தில் எனக்கு வெட்கம் கிடையாது.

அங்கிருந்து ஸ்னார்கேட் போய் ஒரே ஒரு பொருளைப் பாருங்கள், சுவரில் செங்காவி நிறத்தில் வரைந்த பெரிய பாய்மரக் கப்பல், 1500ஐ ஒட்டிய காலத்து ஓவியம். அந்தக் கரையோரமே கள்ளக்கடத்தலுக்குப் பேர்போனது, ஆட்டு ரோமத்தை வெளியே கடத்துவார்கள், சாராயத்தையும் புகையிலையையும் உள்ளே கொண்டுவருவார்கள், ஒளித்துவைக்கிற இடம் பல சமயம் கோயில். கப்பல் படம் இருந்தால் இங்கே சரக்கு வைக்கலாம் என்று அர்த்தம் என ஒரு பேச்சு உண்டு. ஸ்னார்கேட்டிலிருந்து ஸ்டேஷன் கிட்டத்தில்தான். மொத்தச் சுற்றும் 12 கிலோமீட்டரைச் சுற்றி வரும், ஏற்றமே இல்லை, உங்கள் 22 வருடக் காலுக்கு அது ஒரு நடையா?

முட்டி ஒத்துழைக்கவில்லை என்றால் மகளைக் கார் எடுக்கச் சொல்லி மற்ற மூன்றைப் பாருங்கள். ஓல்ட் ரோம்னியில் இருக்கைகளெல்லாம் இளஞ்சிவப்பு, 1960களில் சினிமா எடுக்க வந்தவர்கள் அடித்த பெயின்ட், ஊருக்குப் பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டார்கள். நியூ ரோம்னியில் கோயிலுக்குள் படியிறங்கிப் போக வேண்டும், 1287ஆம் ஆண்டுப் புயலில் ஆறே வழிமாறி, வண்டல் வந்து ஊரை மேடாக்கிவிட்டது. ஐவிசர்ச்சில் ஜாகா கூண்டு மாதிரி ஒரு மரப்பெட்டி இருக்கிறது, மழையில் அடக்கம் செய்யும்போது பாதிரியார் நனையாமல் நிற்பதற்கு. மற்றவர்கள் நனைவார்கள்.

செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று யோசிப்பீர்கள். வேண்டாம், கல் தரை ஐஸ் மாதிரி இருக்கும். ஆனால் சேறு அப்பியிருந்தால் வாசலில் கழற்றிவிட்டுக் காலுறையோடு போவது மரியாதை. கதவு பூட்டியிருந்தால் சாவி யார் வீட்டில் என்று பெரும்பாலும் கதவிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள், போய்க் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள், நம்பவே முடியவில்லை. உள்ளே ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும், அதில் தமிழிலேயே எழுதுங்கள், நான் எழுதினேன். உண்டியலும் இருக்கும், இரண்டு மூன்று பவுண்டாவது போடுங்கள், வாரத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் வருகிற கட்டடத்துக்கு ஓடு மாற்றுவது விளையாட்டு இல்லை.

சாப்பாடு கட்டாயம் கையில் இருக்க வேண்டும், வழியில் கடை என்று நம்பிப் போகாதீர்கள். நான் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போய்க் கல்லறைச் சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கழிவறையும் கஷ்டம், ஊரில் இருக்கிற மதுக்கடைதான் கதி, ஒரு காப்பி வாங்கிக் குடித்துவிட்டுப் போய்க்கொள்ளலாம். அப்புறம் ரயில். அந்த ஸ்டேஷனுக்கு வண்டி அடிக்கடி வராது, கப்பலைப் பார்த்துக்கொண்டே நின்று நாங்கள் ஒன்றைத் தவறவிட்டுக் காற்றில் நடுங்கிக்கொண்டிருந்தோம். ஸ்டேஷனின் பெயர் ஆப்பிள்டோர் என்றாலும் ஆப்பிள்டோர் ஊர் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

கேள்வி: டீச்சர், நாங்கள் நான்கு பேர், எல்லாரும் மோட்டார் பட்டறையில் வேலை. இந்த வருடம் திருவிழாவுக்கு நிபோங் திபாலிலிருந்து புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலுக்கு நடந்தே போவது என்று வேண்டுதல். ரோட்டில் போகாமல் தோட்டத்து வழியாகக் குறுக்குப் பாதை ஏதாவது உண்டா?
(ஒரு வாசகர், நிபோங் திபால்)

பதில்: தம்பி, மேலே எழுதியதைப் படித்திருந்தால் பதில் தெரிந்திருக்கும். முன்பு இருந்தது. இப்போது பாதி வீடமைப்பு, பாதி நெடுஞ்சாலை, மிச்சத்தில் சங்கிலி. செம்பனைக்குள் புகுந்து போகலாம் என்று நினைக்காதீர்கள், கேட்காமல் போனால் திருட வந்தவன் என்றுதான் நினைப்பார்கள், தவிர பழம் ஏற்றுகிற லோரிக்குப் பின்னால் ஆள் வருவது தெரியாது. தோட்டத்து ஆபீஸில் முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள், நல்ல மானேஜராக இருந்தால் விடுவார்.

பழைய டிரங்க் ரோட்டில்தான் போவது என்றால் 25 கிலோமீட்டருக்கு மேல் வரும், இரவில் கிளம்பி, வெளிச்சத்தில் பளிச்சென்று அடிக்கிற சட்டை போட்டுக்கொண்டு, எதிரே வரும் வண்டியைப் பார்த்த மாதிரி ஒரே வரிசையில் நடங்கள். வேண்டுதலை நான் தடுக்கமாட்டேன். அழகான நடை என்று மட்டும் நினைத்துக்கொண்டு போகாதீர்கள், லோரிப் புகைதான்.

நடக்க ஆசை, வேண்டுதல் இல்லை என்றால் நான் சொல்கிறபடி செய்யுங்கள். திருவிழா ஜூலை 26, அதற்கு முந்திய நவநாட்களில், அந்த ஒன்பது நாள் வழிபாட்டில், கூட்டம் தாங்காது. வேறு ஏதாவது ஒரு சாதாரண நாளில் விடிகாலையில் மோட்டாரை எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டு, அந்த மலையடிவாரத்தில் நடங்கள். 1888இல் கட்டிய பழைய கோயில் இருக்கிறது, 2002இல் கட்டிய பெரிய புதுக் கோயில் இருக்கிறது, 2019இல் இதை பசிலிக்கா என்று, அதாவது போப் தரும் சிறப்புத் தகுதிக்கு, உயர்த்தினார்கள். கம்யூனிஸ்ட் கிளர்ச்சி நடந்த அவசரகாலத்தில் இந்தப் பகுதியையே கறுப்பு வட்டாரம் என்று அடைத்துவிட்டதால் பழைய கோயில் வருடக்கணக்கில் ஆள் நடமாட்டம் இல்லாமல் கிடந்தது, மறுபடி உயிர் வந்த கோயில் இது. சிலுவைப்பாதை மலைச்சரிவில் ஏறிப்போகும்.

இத்தனை பேர் போகிறார்கள், ஆனால் கோயில் வளாகத்திலேயே இருக்கிற ஒரு பாறையை எத்தனை பேர் நின்று பார்க்கிறார்கள்? செரோக் தோக்குன் கல்வெட்டு. ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 1845இல் இதைப் பற்றிக் குறித்து வைத்தார். பல்லவ எழுத்து வகையில் பொறித்தது, ஆயிரத்து நானூறு ஐந்நூறு வருடத்துப் பழசு. நம் ஆட்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்ததற்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் முன்னாலேயே இந்த எழுத்து இங்கே வந்து பாறையில் உட்கார்ந்திருக்கிறது. மெழுகுவர்த்தி கொளுத்திய கையோடு அதையும் ஒருமுறை பாருங்கள். அப்படியே பக்கத்தில் செரோக் தோக்குன் காட்டுப் பூங்காவுக்குள் நுழைந்து பெரிய மரங்களுக்கு நடுவே மலை ஏறலாம், உச்சி 500 மீட்டருக்கு மேல், இளைஞர்கள்தானே.

கேள்வி: மாதா கோயில், மாதா கோயில் என்று போன மாதமும் எழுதினீர்கள். இங்கிலாந்தில் இருப்பது ஆங்கிலிக்கன் சபை. தேவாலயம் என்று எழுதுவதல்லவா சரி?
(ஒரு வாசகர், பாரிட் புந்தார்)

பதில்: சரிதான் ஐயா. ஆனால் எங்கள் தோட்டத்தில் கத்தோலிக்கர்களே கோயிலுக்குப் போகிறேன், பூசைக்குப் போகிறேன் என்றுதான் சொல்வார்கள், அந்த வாய் எனக்கு மாறவில்லை. அதோடு, அந்தக் கோயில்களைக் கட்டியபோது அவை மாதாவைக் கும்பிட்ட கோயில்களேதான். 1534இல் ராஜா எட்டாம் ஹென்றி போப்பை உதறிவிட்டுத் தன்னையே தலைவராக்கிக்கொண்ட பிறகு வந்தது மற்றதெல்லாம். 1538இல் தாமஸ் பெக்கெட்டின் படங்களையெல்லாம் அகற்றச் சொல்லி உத்தரவே போட்டார், ராஜாவை எதிர்த்த பாதிரியார் ஆயிற்றே. புரூக்லண்ட் கோயிலில் பெக்கெட்டைக் கொலை செய்கிற பழைய சுவரோவியம் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து மறுபடி வெளியே வந்திருக்கிறது. மேலே சொல்ல மறந்துவிட்டேன், சுங்கை பாக்காப் அம்மா அதையும் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பாட்டி பாகான் செராய் 'செட்டில்மெண்ட்' கோயிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். தமிழர்களுக்கென்று தனிக் குடியிருப்பா?
(ஒரு வாசகி, பாகான் செராய்)

பதில்: ஆமாம். ரெனே ஃபே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1882இல் உண்டாக்கிய குடியிருப்பு, சூசையப்பர் பெயரில். தோட்டத்து லயம் வேலை இருக்கும்வரைதான் வீடு, வேலை போனால் வீடும் போகும். கிராமமாகக் குடியமர்ந்தால் அந்தப் பயம் குறைவு. அவர் பின்னால் 1896இல் மலாக்கா மறைமாவட்ட ஆயராகவே ஆனார். கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் 1906இல் திறந்தபின் சுற்றுவட்டாரமே நெல்லுக்கு மாறிப்போனது. உங்கள் பாட்டி இருக்கும்போதே ஒரு சாயங்காலம் அவரைக் கூட்டிக்கொண்டு போய், எந்த வழியாக நடந்து பூசைக்குப் போனார் என்று காட்டச் சொல்லுங்கள். கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள், முதலில் வழியை, அப்புறம் கோயிலை.

கேள்வி: இங்கிலாந்து வயலில் அட்டை கடிக்குமா? மாடு முட்டுமா? சேலை கட்டிக்கொண்டு நடக்கலாமா? என் மனைவி கேட்கச் சொன்னாள்.
(ஒரு வாசகர், சிம்பாங் அம்பாட்)

பதில்: நம் ஊர் மாதிரி அட்டைக்குப் பயப்பட வேண்டாம். உண்ணி உண்டு, ஆடு மேய்கிற இடம், வீட்டுக்கு வந்ததும் காலை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். மாடு சும்மா இருக்கும், கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் மட்டும் போகக் கூடாது, திறந்த கதவை மறக்காமல் சாத்திவிட்டுப் போக வேண்டும். வரைபடம் வாங்குவதென்றால் ஆர்ட்னன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் 125ஆம் எண், ரோம்னி மார்ஷ் முழுக்க அதில் இருக்கிறது.

சேலை வேண்டாம். படியேறி வேலி தாண்டும்போது முள்கம்பியில் மாட்டும், புல் ஈரம் முழங்கால் வரை ஏறும். முழுக்கைச் சட்டை, தடிமனான காற்சட்டை, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகி, ரப்பர் பூட்ஸ், தலைக்கு ஒரு துண்டு. அந்தக் காலத்தில் மரம் வெட்டப் போகும்போது போட்டுக்கொண்ட அதே உடுப்புதான்.